ஆனி முப்பத்திரண்டாம் தேதி

அத்தியாயம் 17

சென்ற வாரம் மாடிக்குப் போன பன்னிரண்டு நோட்டுப் புத்தகங்களும் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கீழே இறங்கி வந்தன. நோட்டுகளாக அல்ல. ஷாரோனின் மடிக்கணினிக்குள் ஒரு நீலக் கோடாக.

பொன்னி அப்போது தோசைக்கல் முன்னால் நின்றிருந்தாள். செவிலிமேட்டில் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து பார்த்தால் கூடத்து மேசை முழுக்கத் தெரியும். மாமனார் ராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்குள்ளேயே விழுந்துவிடுவதைப் போலக் குனிந்திருந்தார். அவருக்கு ஒரு பக்கம் சின்ன மருமகள் ஷாரோன். மறுபக்கம் மாமியார் கங்கையம்மாள்.

பெரிய மருமகளுக்கு அடுப்பு.

மாமனாரின் சொந்த ஊரான நல்லேரிப்பட்டு ஏரியின் தண்ணீர்க் கதை முழுவதும் அந்த நோட்டுகளில்தான் இருந்தது. மதகு பார்க்கும் முனிரத்தினம் தினமும் விடிந்ததும் போய், மதகுச் சுவரில் குறித்திருக்கும் அடிக்கணக்கைப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைப்பார். ஏரிப் பாசன சங்கத்துக்கு ராமலிங்கம் தலைவர். நோட்டிலிருப்பதை வருஷத்துக்கு ஒரு படமாக வரைந்து சங்கத்துச் சுவரில் ஒட்டுவது எட்டு வருஷமாகப் பொன்னியின் வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கியவள். கிராஃப் தாளும் கூர் சீவிய பென்சிலும் இருந்தால் அவளுக்குப் போதும்.

இந்த வருஷம் அவளை யாரும் கேட்கவில்லை. மதகு ரிப்பேர் பற்றிப் பேசச் சனிக்கிழமை ஊருக்கு ஆபீசர் வருகிறார், கம்ப்யூட்டரில் போட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று சொல்லி ராமலிங்கம் தாமே நோட்டுகளை ஷாரோன் அறைக்குச் சுமந்துபோனார். ஒரு வாரமாகப் பொன்னிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இது இன்னாமா, கீழ ஒரே கறுப்பா பூசி வெச்சிக்கினு இருக்குது?" என்றார் ராமலிங்கம்.

"அதெல்லாம் தேதி மாமா. நாலாயிரத்துச் சொச்சம் நாள் இருக்குது இல்ல? இதெல்லாம் தேதின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல. வெறும் எழுத்துன்னு நெனச்சிக்கினு எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா எழுதி வெச்சிடுச்சு. இருங்க, இது தேதின்னு சொல்லிடறேன். வருஷத்துக்கு ஒரு தடவ மட்டும் எழுதுன்னும் சொல்லிடறேன்."

ஷாரோன் இரண்டு மூன்று வரி தட்டினாள். கறுப்புப் பூச்சு மறைந்தது. கோட்டுக்கு அடியில் 2013, 2014 என்று வருஷங்கள் மட்டும் இடைவெளி விட்டு வந்து நின்றன. மேலே பன்னிரண்டு மேடு, பன்னிரண்டு பள்ளம். பெரிய விலங்கு ஒன்று பன்னிரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டே மூச்சு விடுவதைப் போல ஏரி ஏறி ஏறி இறங்கியது.

அழகாக இருந்தது. அதைத்தான் பொன்னியால் தாங்க முடியவில்லை.

"எட்டு வருஷமா பெரியவ ஸ்கேலு வெச்சிக்கினு ரெண்டு நாளு குந்திக்கினு போடுவா" என்றாள் கங்கையம்மாள். "இது இன்னாடான்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போட்டுடுச்சி."

"அத்தை, அக்கா கையால போட்டதுதான் கஷ்டம். இது சும்மா கோடு எழுதறதுதான்" என்றாள் ஷாரோன்.

அந்தத் தன்னடக்கம் வேறு பொன்னிக்குச் சுருக்கென்று தைத்தது.

ராமலிங்கத்துக்கு போன் வந்தது. வாசலுக்கு எழுந்து போனார். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த சின்ன மகன் சரத்குமார், ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்திலும், மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"நடுநடுவுல கோடு விட்டு விட்டு இருக்குதே."

"முனிரத்தினம் ஐயாவுக்கு ஒரு காலண்டர் வாங்கித் தரணும்ப்பா" என்று ஷாரோன் சிரித்தாள். "பிப்ரவரி முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்காரு. மார்ச்சுல முப்பத்திரண்டு கூட இருக்குது. அப்படி ஒரு தேதியே இல்லன்னு கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுடுச்சு."

"அந்தாளு சாயங்காலம் தண்ணி போட்டுட்டு எழுதியிருப்பாரு" என்றான் சரத்குமார். கங்கையம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

பொன்னியின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது.

மூன்றாம் மாதம் மார்ச் அல்ல. அது ஆனி. ஆனிக்கு முப்பத்திரண்டு நாள் உண்டு. இரண்டாம் மாதம் வைகாசி. முனிரத்தினத்துக்கு வருஷம் சித்திரையில்தான் பிறக்கும். 1 என்று போட்டால் சித்திரை, 12 என்று போட்டால் பங்குனி. விதைப்பதும் அறுப்பதும் மதகு திறப்பதும் அந்த மாதங்களை வைத்துத்தான் என்பதால், இது சொல்ல வேண்டிய விஷயம் என்றே ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. ராமலிங்கத்துக்கும் தோன்றவில்லை. பொன்னி தன் கிராஃப் தாளில் மேலே தமிழ் மாதமும் அதற்குக் கீழே இங்கிலீஷ் மாதமுமாக இரண்டையும் எழுதுவாள். எழுதியவளுக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அப்படியானால் அந்த நீலக் கோடு முழுவதும் மூன்றரை மாதம் முன்னால் தள்ளி நிற்கிறது. வெறும் வருஷங்களை எழுதிய படத்தில் அது யார் கண்ணுக்கும் படாது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"தோசை கருகுது பாரு. எங்க இருக்குது உன் கவனம்?" என்றாள் கங்கையம்மாள்.

பொன்னி தோசையைத் திருப்பிப் போட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

*

மூன்று வருஷங்களுக்கு முன்னால் சரத்குமார் ஷாரோனைப் பதிவுத் திருமணம் செய்து அழைத்துவந்தபோது, ராமலிங்கம் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பெண் கிறிஸ்தவள் என்பதை அவர் ஒருவேளை பொறுத்திருப்பார். பெரம்பூரில் தபால்காரராக இருந்த அவளுடைய அப்பா ஜான்சன் எந்தக் குடும்பத்துப் பிள்ளை, அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் யார் நிலத்தில் கூலிக்கு உழைத்தது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நல்லேரிப்பட்டில் சிலர் வீட்டுக்கே வந்து, மருமகளை ஊருக்குள் கூட்டி வந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் ஷாரோனுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டவள் பொன்னி ஒருத்திதான். மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் அவள் அழுகையைக் கேட்டவளும் பொன்னிதான். அப்போது ஷாரோனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் அக்கா இருந்தாள்.

போன வருஷம் ராமலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆபீஸ் வேலையையும் பார்த்து அவரையும் கவனித்துக்கொண்டவள் ஷாரோன். திரும்பி வந்தவர் அவளை 'ஷாரோனம்மா' என்று கூப்பிட்டார். கங்கையம்மாள் தலை பின்னிவிட்டாள். வீடு நல்லபடியாக மாறியது. எல்லோரும் விரும்பிய மாற்றம்தான்.

ஆனால் பொன்னிக்கு அந்தப் பழைய நாட்கள் பிடித்திருந்தன. பாத்திரம் தேய்க்கும்போது அது அவளுக்கே தெரியவந்தது. கீழே இருந்தவளுக்குக் கை கொடுப்பது சுகமாக இருந்தது. அவள் எழுந்து, தன்னைத் தாண்டி ஒரு படி மேலே நிற்பதைப் பார்ப்பது வேறு விஷயமாக இருந்தது.

பதினோரு மணிக்கு மாடியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷம் வரீங்களா? தனியா பயமா இருக்குது."

பொன்னி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஏறினாள்.

"அந்த ஆபீசர் போன் பண்ணாருக்கா. பன்னெண்டு வருஷமும் சேர்ந்து இருந்தா அவருக்குப் பிரயோஜனம் இல்லியாம். ஒரே ஒரு வருஷம், மாசம் மாசமா வேணுமாம். ஏரி எந்த மாசம் வத்துதோ அந்த மாசம் மதகு ரிப்பேர் ஆரம்பிப்பாங்களாம். இன்னிக்கி மீட்டிங்லயே தேதி முடிவு பண்ணிடுவாராம்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"மாமா சாமியானா சொல்றதுக்குப் போயிட்டாரு. நேரா அங்க காட்டிக்கலாம்னுட்டாரு."

பொன்னி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஷாரோன் விரல்கள் விசைகளின் மேல் ஓடின.

"பாருங்க, இந்தத் தேதியிலேருந்து இந்தத் தேதி வரைக்கும் மட்டும் காட்டுன்னு சொல்றேன்."

மலைத்தொடர் போய் ஒரே ஒரு குன்று நின்றது.

"இப்ப வருஷத்துக்கு ஒண்ணு வேணாம், மாசத்துக்கு ஒண்ணு எழுது. அடச்சே, செப்டம்பரும் அக்டோபரும் ஒண்ணை ஒண்ணு இடிச்சிக்குது. சாய்ச்சி விட்டுடலாம்."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நிற்பவர்களைப் போல மாதப் பெயர்கள் வரிசையாகச் சாய்ந்துகொண்டன. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குன்றின் உச்சி செப்டம்பருக்கு நேர் மேலே. மார்ச் கடைசியில் கோடு தரை தட்டியது.

ஷாரோன் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அக்கா, ஏரி செப்டம்பர்லயே நிறைஞ்சிடுமா? சென்னையில மழையே தீபாவளிக்குத்தான் புடிக்கும்."

இதோ, கேட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை என்றுதானே ஒரு வாரமாக வெந்துகொண்டிருந்தாள்? இப்போது நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். பொன்னி அதையே பார்த்தாள்.

"இங்கெல்லாம் ஆடி ஆவணியிலயே நல்லா பேயும். பாலாத்துத் தண்ணியும் கால்வாய்ல வரும். நிறையும்."

"அப்படியா? எனக்கு எப்படித் தெரியும், நான் ஏரியைப் பார்த்தது கூட இல்ல. நீங்க சொன்னா சரிக்கா."

ஷாரோன் படத்தைச் சேமித்தாள். பொன்னி படியிறங்கினாள். மனசுக்குள் ஒரு காட்சி தானாகவே விரிந்துகொண்டிருந்தது.

மீட்டிங்கில் ஷாரோன் படத்தைக் காட்டுவாள். மார்ச்சில் ஏரி வற்றிவிடும் என்பாள். தை மாதம் நட்ட நவரை நெற்பயிர் நின்றுகொண்டிருக்க, தளும்பும் ஏரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிற ஊர் கொல்லென்று சிரிக்கும். ராமலிங்கம் தலை குனிவார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, 'சார், அது தமிழ் மாசம்' என்று ஆரம்பிப்பாள். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பும்.

*

இரண்டு மணிக்குக் கார் கிளம்பியது. பொன்னியின் கணவன் பிரேம்நாத் மோட்டார் வைண்டிங் கடையைச் சாத்திவிட்டு வந்து ஓட்டினான். ராமலிங்கம் முன்னால். பின்னால் ஓரகத்திகள் இருவரும்.

"ஷாரோனம்மாவும் வரட்டும். அதுதானே போட்டுச்சி, அதே வெளக்கிச் சொல்லட்டும்" என்று ராமலிங்கம் வாசலில் நின்று சொன்னார். கங்கையம்மாள் உள்ளே போய்ப் பூ எடுத்து வந்து சின்ன மருமகள் தலையில் வைத்தாள். மூன்று வருஷத்தில் ஷாரோன் அந்த ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை.

"நீயும் வாம்மா பொன்னி, அதுக்குத் துணையா இருக்கும்" என்றார் ராமலிங்கம்.

துணைக்கு. அந்தச் சொல்லை வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தாள்.

நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ராமலிங்கம் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"ஊருல நாலு பேரு நாலு விதமா பாப்பான். இளங்கோவன்னு ஒருத்தன் இருக்கறான். கட்சிக்காரன். எதனா குத்தலா பேசுவான். காதுல வாங்கிக்காத. உன் படத்தைக் காட்டு, அது பேசும்."

"சரி மாமா."

சரி என்று சொன்ன ஷாரோனின் கை மடிக்கணினிப் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கியது.

பொன்னி மறுபடியும் தன் காட்சிக்குள் போனாள். சாமியானா, நாற்காலிகள், படம், சிரிப்பு. இந்த முறை சிரிப்பவர்களின் முகங்களும் தெரிந்தன. முதலில் இளங்கோவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக் கூடத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, 'அந்தப் பொண்ணு ஏரிக்கரையத் தாண்ட வேணாம் பெரியப்பா' என்று சொன்னவன். அன்று அவனுக்குக் காபி கொடுக்காமல் உள்ளே போனவள் இதே பொன்னி. இப்போது அவன் சொல்வான்: 'இவங்களுக்கெல்லாம் ஏரிய பத்தி இன்னா தெரியும்? அதுக்குத்தான் அப்பவே சொன்னோம்.'

அதற்குப் பிறகு அவள் எழுந்து சரியான தேதியைச் சொன்னாலும், அவன் சொன்னது ஊரில் நின்றுவிடும். அவள் திருத்தம் அவனுக்குச் சாட்சியாகத்தான் போய்ச் சேரும்.

தாமல் கூட்டுரோட்டில் பிரேம்நாத் காரை ஓரங்கட்டினான். ஆபீசருக்குப் பொன்னாடையும் எலுமிச்சம்பழமும் வாங்க அப்பாவும் மகனும் இறங்கிப் போனார்கள்.

இங்கிருந்து நாலு கிலோமீட்டர். கரை மேல் ஏறும் திருப்பத்தில் ஏரி கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். மாசி மாதத்து ஏரி. முக்கால் அளவுக்கு மேல் தண்ணீர். அப்புறம் யாரும் எதையும் சொல்ல வேண்டியதே இல்லை.

"ஷாரோன்."

"சொல்லுங்கக்கா."

"அந்த நோட்டுல இருக்கறது இங்கிலீஷ் மாசம் இல்ல."

ஷாரோன் திரும்பினாள்.

"ஒண்ணுன்னா சித்திரை. மூணுன்னா ஆனி. ஆனிக்கு முப்பத்திரண்டு நாளு உண்டு. முனிரத்தினம் தப்பா எழுதல."

அவள் கண்கள் வேகமாக அசைந்தன, மனசுக்குள் அந்தக் கோட்டை எடுத்துத் தள்ளி வைத்துப் பார்ப்பதைப் போல. பிறகு பையைத் திறந்தாள்.

"ஒவ்வொரு மாசமும் எந்தத் தேதியில பொறக்குது, சொல்லுங்க."

"சித்திரை ஒண்ணு ஏப்ரல் பதினாலு. வைகாசி மே பதினஞ்சு. ஆனி ஜூன் பதினஞ்சு."

"மெதுவாக்கா."

"ஆடி ஜூலை பதினேழு. ஆவணி ஆகஸ்டு பதினேழு. வருஷத்துக்கு ஒரு நாள் முன்ன பின்ன வரும்."

"ஒரு நாள்தானே, பரவால்ல. அடுத்தது."

மார்கழி வரை வந்தது. "தை ஒண்ணு ஜனவரி பதினாலு. ஆனா அது அடுத்த வருஷம். நோட்டு அட்டையில மாமா எழுதியிருக்கறது சித்திரை பொறந்தப்ப இருந்த வருஷம்."

"அப்ப தை, மாசி, பங்குனி மூணுக்கும் வருஷத்துல ஒண்ணு கூட்டணும்." தட்டினாள். சிவப்பு எழுத்தில் ஏதோ பிழை வந்தது. உதட்டைக் கடித்தாள். ஒரு காற்புள்ளியைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள்.

குன்று நகர்ந்தது. அதன் உச்சி செப்டம்பரை விட்டு ஓடி டிசம்பர் கடைசியில் போய் நின்றது. பாதி அந்த வருஷமும் பாதி அடுத்த வருஷமுமாக விழுந்ததால் கோட்டின் வலப்பக்கம் திரைக்கு வெளியே போயிருந்தது. ஷாரோன் கீழ்க்கோட்டை ஏப்ரலில் ஆரம்பித்து அடுத்த ஏப்ரலில் முடியும்படி இழுத்துவிட்டாள். மாதப் பெயரோடு வருஷமும் சேர்ந்து வரும்படி மாற்றினாள். கடைசியாகப் பொன்னி, "இங்கிலீஷ் மாசத்துக்கு மேல தமிழ் மாசமும் எழுத முடியுமா? ஊருக்காரங்களுக்கு அதுதான் புரியும்" என்று கேட்டாள்.

"முடியும்."

சித்திரை, வைகாசி, ஆனி என்று இன்னொரு வரி வந்தது. கோட்டில் விட்டுப் போயிருந்த இடமெல்லாம் நிரம்பியிருந்தது. தூக்கி எறியப்பட்ட நாட்கள் ஒன்று விடாமல் திரும்பி வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தன.

கதவு திறந்து ராமலிங்கம் ஏறினார். "இன்னாமா, ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கிறாப்ல குந்திக்கினு இருக்கறீங்க?"

"சின்னதா ஒரு திருத்தம் மாமா" என்றாள் ஷாரோன்.

கார் கரை மேல் ஏறியது. வலப்பக்கம் முழுவதும் தண்ணீர். வெயில் பட்டு அது கடைசிவரை மினுங்கிக்கொண்டே போனது. நாரைகள் நின்றிருந்தன. ஷாரோன் கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்னியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

*

மீட்டிங் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

ஆபீசர் இளைஞர். வந்ததும் வராததுமாக, மார்ச்சில் வேலையைத் தொடங்கிவிடலாம் என்பது மேலிடத்து யோசனை என்றார். சாமியானாவுக்குள் சலசலப்பு எழுந்தது. மார்ச்சில் ஏரியைத் திறந்துவிட்டால் நவரைப் பயிர் கருகிப்போகும் என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"எங்க மருமக ஒரு படம் போட்டாந்திருக்குது. அதைப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார் ராமலிங்கம்.

ஷாரோன் எழுந்து போனாள். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஏரி ஒரு வருஷ மூச்சை இழுத்து விட்டது.

"ஐப்பசியில ஏற ஆரம்பிக்குது. மார்கழியில நெறையுது. மார்ச்சுல, அதாவது மாசி பங்குனியில, பாதிக்கு மேல தண்ணி இருக்குது. ஆனி கடைசியிலதான் தரை தெரியுது. ஜூலை மூணாவது வாரத்துல ஆரம்பிச்சா புரட்டாசிக்குள்ள முடிச்சிடலாம் சார்."

குரல் முதலில் நடுங்கி, பிறகு நிதானத்துக்கு வந்தது.

"நான் எழுதனதுல ஒரு நாளு கூட வுட்டுப்போவல" என்று முனிரத்தினம் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். "ஆனி முப்பத்திரண்டு கூட இருக்குது, பாத்தியா?"

இளங்கோவன் நாற்காலியில் நிமிர்ந்தான். "மெட்ராஸ்ல வளந்த பொண்ணுன்னு சொன்னாங்க. தமிழ் மாசம்லாம் எப்படிப்பா தெரியும்?"

பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷாரோன் அவனை நேராகப் பார்த்தாள். "முதல்ல தெரியலண்ணா. தப்பாத்தான் போட்டேன். அப்புறம் வீட்டுல பேசிக்கினு இருந்தப்ப தெரிஞ்சிக்கினு மாத்தினேன்."

வீட்டில். யார் என்று சொல்லவில்லை. எப்போது என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், காலையிலேயே நோட்டைப் பற்றித் தெரிந்த பெரிய மருமகள் மதியம் வரை ஏன் சும்மா இருந்தாள் என்று ராமலிங்கம் யோசித்திருப்பார்.

ஆபீசர் ஜூலை மூன்றாம் வாரம் என்று குறித்துக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள். இளங்கோவனும் இரண்டு தட்டு தட்டினான். ராமலிங்கம் பொன்னாடையை ஆபீசருக்குப் போர்த்திவிட்டு, மருமகளுக்கு ஒன்று வாங்காமல் விட்டோமே என்று எல்லோர் காதிலும் விழும்படி வருத்தப்பட்டார்.

பின்வரிசையில் பொன்னி உட்கார்ந்திருந்தாள். பயிர் பிழைத்தது. ஷாரோன் தலை நிமிர்ந்து நின்றாள். தான் காட்டிக்கொடுக்கப்படவும் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தும் பொறாமை மட்டும் தணியவில்லை. இன்னும் கூர்மையாகியிருந்தது. இந்த வீட்டில் மற்றவரைக் காப்பாற்றுகிறவள் என்ற இடம் ஒன்று அவளுக்கு மிச்சம் இருந்தது. இன்றைக்கு அதையும் ஷாரோன் எடுத்துக்கொண்டாள்.

*

கிளம்பும் முன் ஷாரோன் மதகுப் பக்கம் நடந்து போனாள். பொன்னி பின்னாலேயே போனாள். சுவரில் அடிக்கணக்கு குறித்த இடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"காலையில நான் உங்ககிட்ட கேட்டேன் இல்ல?" ஷாரோன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பவே உங்களுக்குத் தெரியும்."

பொன்னி சுவரின் அடிக்கணக்கைப் பார்த்தாள்.

"தெரியும்."

"ஏன்க்கா?"

"உன் படம் நல்லா இருந்துச்சு. அதான்."

ஷாரோன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"மாமாகிட்ட சொல்ல மாட்டேன். கடைசியில நீங்கதான் சொன்னீங்க, அதையும் மறக்க மாட்டேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போன மாசம் உங்க பையன் காதுகுத்துப் பத்திரிகை. சித்தப்பா சரத்குமார்னு போட்டிருந்துச்சு. சித்தின்னு என் பேர் இல்ல. அச்சாபீஸ்ல விட்டுட்டாங்கன்னு சொன்னீங்க. அது நீங்களாக்கா?"

பொன்னி திடுக்கிட்டாள். அந்தப் பெயரைத் தன் கையால் எழுதிக் கொடுத்தவள் அவள். அச்சுக்குப் போகும் முன் தாளைத் திருத்திப் பார்த்தபோதும் அது இருந்தது. பிரேம்நாத்திடம் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பினாள். அச்சாகி வந்த பத்திரிகையில் காணாததைப் பார்த்து அச்சகத்துக்காரர்களை மனசுக்குள் திட்டினாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"இல்ல ஷாரோன். சத்தியமா நான் இல்ல."

ஷாரோன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். மெல்லத் தலையை ஆட்டினாள். நம்பிக்கை அந்தத் தலையாட்டலில் இல்லை. காலையில் பொய்யை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டவள், இப்போது உண்மைக்கு முன்னால் தயங்கி நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் ஏறிப் போனாள்.

அப்படியானால் அந்தப் பெயரை அடித்தது யார்?

பொன்னி கரையை நிமிர்ந்து பார்த்தாள். காருக்குப் பக்கத்தில் நின்று பிரேம்நாத் அவர்கள் இருவரையும் கவனித்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பி, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டான்.